வி.ஓ.சி. யாருடையது?

ரோமன் எழுத்தில் பெரிய 'வி' ஒன்று. விரிந்த அதன் கைகளில் இடப்பக்கம் 'ஓ', வலப்பக்கம் 'சி'. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி தன் பீரங்கியிலும் பீங்கான் தட்டிலும் செம்புக்காசிலும் பொறித்த முத்திரை இது. 'ஃபெரெனிக்ட ஓஸ்ட்இண்டிஸ கொம்பனி' என்று வாய் நிறையச் சொல்லவேண்டிய பெயரை மூன்றெழுத்தில் அடக்கியிருந்தார்கள். இலங்கையில் காலிக் கோட்டைக்குப் போனவர்கள் பழைய வாயிலின் உட்புறம் இதைக் கல்லில் பார்த்திருக்கலாம். சிங்கங்கள் இருபுறமும் நிற்க, 1669 என்ற ஆண்டோடு இருக்கிறது. அதே வாயிலின் வெளிப்புறத்தில், பின்னால் வந்த ஆங்கிலேயர் தங்கள் அரச சின்னத்தை வைத்துவிட்டார்கள். வீட்டை வாங்கியவன் பெயர்ப்பலகை மாட்டுவது உலக வழக்கம்தான்.

பழவேற்காட்டில் இவ்வளவு ஆடம்பரமாக எதுவும் எஞ்சவில்லை. கோட்டை இருந்த இடம் புதரும் மேடுமாகக் கிடக்கிறது. தொல்லியல் துறையின் காவலில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் ஒழுங்காக நிற்கிறது. உள்ளே நுழைகிறவர்களை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. ஒரு காலத்தில் இந்த ஊர் சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது என்று சொன்னால், ஏரிக்கரையில் இறால் எடைபோட்டுக் கொண்டிருப்பவர்கள் நம்மை ஒருமாதிரி பார்ப்பார்கள்.

1602 மார்ச் 20இல் ஆம்ஸ்டர்டாமும் பிற டச்சு நகரங்களும் கூடி உருவாக்கிய கம்பெனி, எட்டே ஆண்டுகளில் இங்கே வந்துவிட்டது. 1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கினார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து போர்ச்சுகீசியர் வந்து அவர்களுடைய பண்டகசாலையை நொறுக்கிப் போட்டார்கள். மறு ஆண்டே கோட்டை எழுந்தது. அதைக் கட்டி முடித்தவர் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாகக் கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை, இந்தக் கரையில் வாங்கும் துணிக்கெல்லாம் கணக்கு பழவேற்காட்டில்தான். இங்கே துணி வாங்கி, அதை மலுக்குத் தீவுகளில் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் எடுத்துக்கொண்டு போவது தொழில். நாணயச் சாலை இருந்தது. வெடிமருந்து செய்தார்கள். மழை பொய்த்துப் பஞ்சம் வந்த ஆண்டுகளில், விலைக்கு வந்த மனிதர்களையும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிப் படேவியாவுக்கு அனுப்பினார்கள். துணிப் பொதியும் மனிதரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வருகிற வணிகம் அது.

இந்த ஊரில் யாருக்கும் மூன்றெழுத்தின் விரிவு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருந்ததாகத் தோன்றவில்லை. நெசவாளிக்கும் துபாஷிக்கும் வந்தவர்கள் உலாந்தாக்காரர்கள், அவ்வளவு போதும். முத்திரையைப் படிக்கத் தெரியாதவனும் பார்த்தவுடன் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றுதான்: இது கம்பெனியின் சொத்து, கை வைக்காதே. நாணயங்களில் அந்தக் குறிக்கு மேலே சில சமயம் இன்னொரு எழுத்தும் இருக்கும். பழவேற்காட்டுக் காசுகளில் 'பி'. எந்தக் கிளையின் பொறுப்பு என்று தெரிய வேண்டுமல்லவா? டச்சுக்காரர்களின் சின்னக் காசுக்கு 'டௌட்' என்று பெயர். நம் 'துட்டு' அதிலிருந்து வந்தது என்பார்கள். கம்பெனி போய், கோட்டை போய், காசின் பெயர் மட்டும் மீன் ஏலத்தில் தங்கிவிட்டது.

கம்பெனியின் முடிவும் அந்த மூன்றெழுத்தை விட்டுவைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கடனும் திருட்டும் கழுத்தை நெரிக்க, 1799 டிசம்பர் 31இல் கம்பெனியின் கதை முடிந்தது. டச்சுக்காரர்களே அதே எழுத்துகளுக்குப் புது விரிவு கொடுத்தார்கள். 'ஃபெர்கான் ஒண்டர் கொரப்ஸி': ஊழலில் அழிந்தது. சுருக்கப்பெயரைப் பிறர் கேலிக்கு எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கமானதுதான். அரசுப் பேருந்துக் கழகங்களின் எழுத்துகளுக்கு நம் கல்லூரி மாணவர்கள் கொடுத்த விரிவுகளைத் தொகுத்தால் தனிப் புத்தகம் வரும்; அச்சிட எவரும் துணியமாட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் வி.ஓ.சி. என்று சொல்லிப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் எவருக்கும் நினைவில் வராது. கப்பலும் செக்கும்தான் வரும். பிழையென்று அதைத் திருத்த எனக்கு மனம் வருவதில்லை.

இந்த ஒற்றுமை ஒரே ஓர் எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தமிழில் சிதம்பரம் பிள்ளையின் பெயர் வ.உ.சி.; தந்தை பெயர் உலகநாதன். அதை இன்றைய வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதினால் 'யு'வில் தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் பேச்சு ஒலியைப் பின்பற்றி 'ஒலகநாதன்' என்று எழுதினார்கள். அதனால் 'ஓ' வந்தது. அதனால் ஒரு சுதேசியின் பெயரும் அந்நியக் கம்பெனியின் முத்திரையும் ஒன்றாகிவிட்டன. தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் உறவே கிடையாது.

இதைவிட வேடிக்கை, இரண்டு வி.ஓ.சி.யும் ஒரே துறைமுகத்தில் வாழ்ந்தவை. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது டச்சுக் கம்பெனி. முத்துக்குளித்துறையின் வருமானத்தைப் பல தலைமுறைக்கு அனுபவித்தது. பழவேற்காட்டைப் போலவே தூத்துக்குடியும் 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டு முடிவதற்குள், 1906 அக்டோபர் 16இல், அதே ஊரில் சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள்.

பங்கு விற்று ஊரார் காசில் கப்பல் விடுவது என்ற யோசனையைப் பெரிய அளவில் உலகுக்குக் காட்டியது முந்தைய வி.ஓ.சி.தான். 1602இல் ஆம்ஸ்டர்டாமில் பங்கு எழுதியவர்கள் பட்டியலில் பெருவணிகர்களோடு ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணும் இருக்கிறாள். தன் சேமிப்பிலிருந்து 100 கில்டர் போட்டிருக்கிறாள். தூத்துக்குடியிலும் சிறுகாசுக்காரர்கள் பங்கு வாங்கினார்கள். கருவி ஒன்றுதான். ஆனால் டச்சுக்காரர்களின் பங்குப் பத்திரத்துக்குப் பின்னால் பீரங்கி இருந்தது: கோட்டை கட்டவும் போர் தொடுக்கவும் அரசே கொடுத்த உரிமை. சிதம்பரம் பிள்ளையின் பங்குப் பத்திரத்துக்கு எதிரே பீரங்கி இருந்தது. போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு போய்க் குடையும் கையில் கொடுத்தது என்பார்கள். 1908இல் அவரைக் கைது செய்து, இரட்டை ஆயுள் என்று தீர்ப்பு எழுதி, கோவையிலும் கண்ணூரிலும் அடைத்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912இல் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பலும் இல்லை.

இலவசப் பயணம் என்றதும் 'ஓசி' நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயக் கம்பெனிக் காலத்தில் 'கம்பெனி காரியமாக' என்று ஆங்கிலத்தில் குறித்த தபால்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தக் குறியின் முதலெழுத்துகள் ஓ, சி. அதுதான் ஓசி ஆயிற்று என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, நம்பத் தகுந்ததாக இருக்கிறது. காரணம், அதில் வரும் கம்பெனியின் குணம். அதே ஈரெழுத்தை இன்று சாதிச் சான்றிதழ் பேச்சில் சொன்னால் பொதுப் பிரிவு. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளாக எழுதப்படும் 'மிகவும் பிற்படுத்தப்பட்டோர்' பட்டியலில் இருக்கிற பட்டினவர் வீட்டுப் பையனுக்கு, ஓசி என்பது கலந்தாய்வில் கண்ணுக்கெதிரே நிற்கும் வேறொரு வரிசை. பேருந்தில் அதே சொல்லை அவன் சிரித்துக்கொண்டே சொல்வான்.

தமிழர் மனிதர்களைச் சுருக்கும் விதம் தனி. உ.வே.சா., ம.பொ.சி., தி.ஜா., கி.ரா. முழுப்பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிற மரியாதையும், வீட்டு ஆள்போல் கூப்பிடுகிற உரிமையும் அதில் ஒன்றாக இருக்கின்றன. வ.உ.சி. என்ற சுருக்கத்தை எந்த இயக்குநர் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தபோதுதான் அரசுக் கோப்புக்குள் முறையாகப் போய், இன்று ஆங்கிலச் சரக்குச் சீட்டுகளில் வி.ஓ.சி. துறைமுகம் என்று அச்சாகிறது. ஒரு காலத்தில் அந்தக் கடலில் அந்த மூன்றெழுத்துக்கு என்ன பொருள் இருந்தது என்று சரக்குச் சீட்டு எழுதுகிற குமாஸ்தா யோசிக்கப் போவதில்லை. எனக்கு மட்டும் அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

இனி மூன்றாவது வி.ஓ.சி. இதற்குத் தமிழில் 'எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்' என்று சொல்கிறார்கள். அறை வெப்பத்திலேயே காற்றில் கலந்துவிடும் கரிமப் பொருள்களுக்கான பொதுப்பெயர். பென்சீன், டொலுவீன், ஸ்டைரீன் எல்லாம் இந்தக் குடும்பம். பழவேற்காட்டில் இதைச் சந்திக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஃபைபர் படகு பழுதுபார்க்கிற இடத்துக்குப் போனால் போதும்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் இந்தக் கரைகளில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. அவற்றின் உடல் கண்ணாடி இழையும் ரெசினும். விரிசல் விட்டால் தேய்த்து, இழைப் பாயை வெட்டி வைத்து, ரெசினில் கோபால்ட்டும் ஹார்ட்னரும் கலந்து பிரஷ்ஷால் பூசவேண்டும். அந்த ரெசினில் கணிசமான பங்கு ஸ்டைரீன். பூசப் பூச அது ஆவியாகும். “கிட்ட நிக்காதீங்க சார், தல சுத்தும்” என்று என்னிடம் சொன்னவர், தான் மட்டும் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் துண்டுகூட இல்லை. ஸ்டைரீன் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் வகைப்படுத்தியது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மறுநாள் படகு கடலுக்குப் போயாக வேண்டும்.

இது சில்லறை. மொத்தம் தெற்கே இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், அதற்கும் கீழே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோ கெமிக்கல் தொழிற்சாலைகளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, படகும் வலையும் அலையாத்தி வேர்களும் கறுத்துப் போனதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். தொலைக்காட்சியில் தெரியாத பாதி, அந்த எண்ணெயிலிருந்து காற்றில் எழுந்த ஆவி. வாளியால் எண்ணெயை அள்ளிய மீனவர்கள் சுவாசித்தது அதைத்தான். அவர்கள் அதைக் கெமிக்கல் வாடை என்றார்கள்.

இந்த மூன்றாவது வி.ஓ.சி. துறைக்குத் துறை மட்டுமல்ல, நாட்டுக்கு நாடும் மாறுகிறது. அமெரிக்கச் சட்டத்துக்கு, வெயிலில் ஓசோன் உண்டாக்கும் வேதிவினையில் சேர்கிறதா என்பதே கேள்வி. அதனால் 1995இல் அசிட்டோனைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வண்ணப்பூச்சுகளுக்கான ஐரோப்பியச் சட்டத்துக்குக் கொதிநிலைதான் கணக்கு: 250 டிகிரி செல்சியஸுக்குள் கொதித்தால் வி.ஓ.சி. ஆக, ஒரே அசிட்டோன் அட்லாண்டிக்கின் ஒரு கரையில் வி.ஓ.சி., மறு கரையில் இல்லை. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் காற்றுத் தர அளவுகோலில் 12 பொருள்கள் உண்டு. அதில் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு இருக்கிறது; குடும்பம் முழுவதற்கும் சேர்த்து வரம்பு கிடையாது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வி.ஓ.சி.யும் ஆலை விடுவதல்ல. கடல் காற்றுக்கு என்று நாம் அடையாளம் காணும் அந்த மணமே, கடல் நுண்பாசிகளின் உபயத்தால் எழும் ஒரு கந்தக ஆவி. ஏரிச் சேறு கிளப்புகிற வாடையிலும், மாதாகுப்பத்து வாசலில் காய்கிற கருவாட்டிலும், தலையில் வைக்கிற மல்லிகையிலும் இந்தக் குடும்பத்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மீன் கெட ஆரம்பித்தால் வெளிவரும் ஆவிகளைக் கண்டுபிடிக்க 'மின்னணு மூக்கு' செய்கிறார்கள் விஞ்ஞானிகள். ஏலத்தில் மடவையின் செவுளைத் தூக்கி ஒருமுறை முகர்ந்து விலை சொல்கிற பெண்கள் அதே வேலையை மின்சாரமில்லாமல் செய்கிறார்கள்.

நான்காவது வி.ஓ.சி. வந்த வேகத்தில் போய்விட்டது. 2021 மே மாதம் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கவலைக்குரிய உருமாறிய வைரஸ் என்பதற்கு ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்து. அந்த மாதத்தின் கடைசி நாள், உலக சுகாதார நிறுவனம் அவற்றுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்தது. 'இந்திய' வைரஸ் என்று அதுவரை உலகம் ஏசிக்கொண்டிருந்தது டெல்டா ஆயிற்று. ஒரு நாட்டின் பெயரை நோயின் தலையில் கட்டக்கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம் அது, நல்ல மாற்றம். எழுத்து ஒன்றை வைத்து உடையவரின் பெயரை மறைப்பது சில சமயம் கருணையாகவும் இருக்கலாம்.

ஆனால் காட்டுப்பள்ளிக் காற்றுக்கு அந்தக் கருணை பொருந்தாது என்பது என் கட்சி. டச்சு முத்திரை, இது யாருடையது என்பதை அதட்டிச் சொன்னது. திட்டுவதானாலும் முகவரி இருந்தது. போர்ச்சுகீசியருக்குப் படையெடுத்து வர அது போதுமானதாக இருந்தது. வ.உ.சி. என்பது ஒரு மனிதர்; மாலை போட சிலை இருக்கிறது. மூன்றாவது வி.ஓ.சி.க்கு உடையவர் என்று எவரும் இல்லை. அது காற்றில் 'இருக்கிறது', காற்றின் குணம்போல.

புதிதாக ஒரு பெரிய திட்டம் வந்தால் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்க வேண்டும்; அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியில் தரவேண்டும். இந்தச் சுருக்கங்களின் தமிழை ஒரு முறையாவது படித்துப் பாருங்கள். அங்கே சில இடங்களில் 'எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்' என்று மொழிபெயர்ப்பாளர் மெனக்கெட்டிருப்பார். அலுத்துப் போன இடத்தில் வி.ஓ.சி. என்று அப்படியே விட்டிருப்பார். விரித்தாலும் சுருக்கினாலும் கேட்பவருக்கு ஒன்றுதான். தமிழ் விரிவு ரசாயனத்தைச் சொல்கிறது; கூட்டத்துக்கு வந்திருக்கிற ஆள் கேட்பது வேறு. ராத்திரி பத்து மணிக்குமேல் வருகிற வாடை எந்தப் புகைபோக்கியிலிருந்து வருகிறது? யார் விடுகிறார்கள்?

இந்தக் கேள்வி அவருக்கு இயல்பாக வருவதற்குக் காரணம் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றிலும் ஏரித் தொழிலைப் பாட்டு முறையில் நடத்தி வந்திருக்கிறார்கள். முகத்துவாரத்தையொட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் இன்று எந்தக் குப்பத்துக்கு முறை, அதில் எந்த வீட்டாருக்கு எந்த இடம் என்பது முன்கூட்டியே முடிவானது. ஏரித் தண்ணீரில் வேலியும் இல்லை, கல்லும் நடவில்லை. ஆனால் இன்று இந்த இடம் யாருடையது என்று கேட்டால் பதில் உண்டு. தப்பான நாளில் வலை இறக்கியவனைப் பெயர் சொல்லிப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடலாம். அப்படிப் பழகியவருக்குக் காற்றில் ஒரு பொருள் இருக்கும், அதை விட்டவர் என்று ஒருவர் இருக்கமாட்டார் என்பதை ஏற்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அறிக்கை அவருக்குத் தருவது ஓர் அட்டவணை. இடது ஓரத்தில் இடங்களின் பெயர், மேலே பொருள்களின் பெயர், நடுவில் எண். யார் என்பதற்குக் கட்டம் கிடையாது. இத்தகைய அட்டவணைகளில் பென்சீன் போன்றவற்றுக்கு நேரே எண்கூட இல்லாமல், அடிக்கடி வேறொரு மூன்றெழுத்து வரும்: பி.டி.எல். கருவி கண்டறியும் அளவுக்குக் கீழே என்று பொருள். சுழியம் என்று பொருளல்ல. அந்தக் கருவிக்கு, அன்றைக்கு, அந்த இடத்தில் தெரியவில்லை என்று பொருள். ஹைதராபாத்தில் அதே எழுத்துகளைச் சொன்னால் ஏவுகணை செய்கிற அரசு நிறுவனத்துக்கு வழி காட்டுவார்கள்.